பாக்கியம் பயந்த சொல்

போன மாதம் ஹட்டனில் ஓர் அறையைப் பார்த்தேன். பார்த்த நாளிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. எங்கள் பக்கத்து வீட்டுச் சுமதி அங்கே வேலை செய்கிறாள். பயம் பிடித்த பிள்ளைகளுக்கும் படபடப்பில் பள்ளிக்கூடம் போக முடியாத பிள்ளைகளுக்கும் வைத்தியம் செய்கிற அறை அது. தாழ்ந்த நாற்காலிகள், கலர் பென்சில்கள், மணல் நிரப்பிய ஒரு தட்டு. சுவரில் ஊசி போடுகிற படம் ஒன்றுகூட இல்லை. "இங்க என்னம்மா மருந்து குடுப்பீங்க?" என்று கேட்டேன்.

"மருந்து ரொம்பக் குறைவு தாத்தா. பயப்படுற புள்ளைய அந்தப் பயத்துக்கிட்டயே கொஞ்சங் கொஞ்சமா கூட்டிட்டுப் போவோம். இழுக்கக் கூடாது, ஏமாத்தக் கூடாது. நெஞ்சு அடங்குற வரைக்கும் கூடவே இருக்கணும்."

கையிலிருந்த தேத்தண்ணீர் சட்டையில் கொட்டிவிட்டது. "இதத்தானே நாங்க அட்டைப் போத்தல வச்சுச் செஞ்சோம்!" என்று கத்தினேன். பக்கத்து அறையிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார்.

"அட்டைப் போத்தலா? ஐயோ தாத்தா, அத அப்படியே எழுதிக் குடுங்க. எங்க ஆளுங்க எல்லாரும் படிக்கட்டும்" என்றாள் சுமதி.

எழுதுகிறேன். அன்று அவளிடம் வெற்றியை மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். அந்த வெற்றியோடு என் வாயிலிருந்து வந்த ஒரு சொல்லும், அதன்பின் நான் சாதித்த மௌனமும் சேர்ந்திருக்கின்றன. அவற்றையும் சேர்த்தே எழுத வேண்டும்.

நான் திம்புள்ளப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளையின் மகன். ஆங்கிலப் பள்ளிக்கூடத்தில் படித்தேன். கொழும்பில் மருந்து கலக்கவும் காயம் கட்டவும் பழகிக்கொண்டு, ஐம்பதுகளின் நடுவில் நோர்வூட் பக்கத்துத் தோட்ட ஆஸ்பத்திரி ஒன்றில் டிஸ்பென்சராகச் சேர்ந்தேன். ஜனங்கள் என்னைச் "சின்ன டொக்டர்" என்பார்கள். கொழும்பில் எனக்குப் பழக்கிய வித்தைகளில் நான் மிகவும் பெருமைப்பட்டது கள்ளச் சீக்கைக் கண்டுபிடிப்பது. வேலைக்குப் போகாமலிருக்க நோய் என்று சொல்லி வருகிறவர்களை முகத்தைப் பார்த்தே பிரித்துவிடுவேன். அவர்களுக்கென்று ஒரு கசப்பு மருந்து கலந்து வைத்திருந்தேன். அதைக் குடித்தவன் மறுநாள் காய்ச்சலே வந்தாலும் ஆஸ்பத்திரிப் பக்கம் தலைவைக்க மாட்டான்.

என் மேலதிகாரி யாழ்ப்பாணத்தவர். பெரிய டொக்டர் என்றே எல்லோரும் சொல்வோம். உயரமான, கூன் விழுந்த மனிதர். ஒரு நாள் பள்ளிக்கூடத்துப் பையன் ஒருவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தான். தலைமை வாத்தியார் அடிக்கிற நாட்களில்தான் அவனுக்கு வயிறு வலிக்கும் என்பது ஊருக்கே தெரியும். நான் கசப்பு மருந்தை ஊற்றினேன். பெரிய டொக்டர் பின்னால் வந்து நின்றதைக் கவனிக்கவில்லை.

"உது என்ன மருந்து தம்பி?"

"கள்ளச் சீக்குக்கு, சேர்."

"அப்பிடியோ. எங்கை, நீர் கொஞ்சம் குடியும் பாப்பம்."

பையன் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு அவுன்ஸ் குடித்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பையன் வயிற்று வலியை மறந்து சிரித்தான்.

"இப்ப உமக்கு வயித்துக்குள்ளை என்ன செய்யுது?"

"பிரட்டுது, சேர்."

"அவனுக்கும் அதுதான் செய்யுது. பிரம்பை நினைச்சாலே பிரட்டுது. உமக்கு மருந்தாலை, அவனுக்குப் பயத்தாலை. இதிலை கள்ளம் எங்கை இருக்கு?"

அன்று தொடங்கியது எனக்கு உண்மையான படிப்பு! அவர் பயந்த பிள்ளைகளைப் பார்க்கிற முறையை இங்கே ஒன்றும் விடாமல் சொல்லிவிட வேண்டும்.

பிள்ளை உள்ளே வருமுன் நெஞ்சில் வைத்துப் பார்க்கிற குழாயைக் கழற்றி ஆணியில் மாட்டிவிடுவார். தன் நாற்காலியை ஒதுக்கிவிட்டு ஒரு குட்டை முக்காலியில் உட்காருவார். அந்த உயரமான மனிதரின் தலை பிள்ளையின் தலைக்குக் கீழே இறங்கிவிடும். முதலில் தாயோடு பேசுவார், அதுவும் நோயைப் பற்றி இருக்காது. பீலியில் தண்ணீர் ஒழுங்காக வருகிறதா, கோழி அடைகாக்கிறதா என்று ஏதாவது கேட்பார். அதற்குள் நான் பிள்ளையின் முன்னால் ஒரு வாளித் தண்ணீரையும் காலி மருந்துப் போத்தல்களையும் வைத்துவிட வேண்டும். கழுவச் சொல்ல வேண்டியதில்லை. தண்ணீரையும் போத்தலையும் கண்டால் எந்தப் பிள்ளையின் கையும் தானாக இறங்கிவிடும்.

"ஏன் பயப்படுறாய்?" என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. "பயம் உடம்பிலை எங்கை இருக்குது?" என்றுதான் கேட்பார். தொண்டையைக் காட்டும், அடிவயிற்றைக் காட்டும். "எவ்வளவு?" என்பார். முதலில் எந்தப் பிள்ளைக்கும் விளங்காது. ஒரு சிறுமிதான், "ஒரு கூடைங்கய்யா" என்றாள். கொழுந்து எடுக்கிறவர்களின் பிள்ளைக்கு வேறு என்ன அளவு தெரியும்! பெரிய டொக்டர் முக்காலியிலிருந்து எழுந்தே விட்டார். அன்றிலிருந்து எங்கள் ஆஸ்பத்திரியில் பயத்துக்கு அளவு வந்துவிட்டது. கைப்பிடி, மடி, கூடை, சாக்கு, லொறி. லொறி என்றால் தாங்கவே முடியாத பயம். கூடை அளவில் இருக்கிற பயத்தின் அருகில் போய் நின்று, அது மடியளவாகக் குறைகிற மட்டும் பேசிக்கொண்டு நிற்போம். அதன்பின்தான் அடுத்த அடி. குறையுமுன் விட்டுவிட்டு ஓடினால் பயம் மறுநாள் சாக்காகி வரும் என்பார்.

இதை அவர் எங்கே கற்றார் என்று நான் கேட்டதற்கு, மேசையிலிருந்த போத்தலைக் காட்டினார். உள்ளே ஓர் அட்டை நெளிந்துகொண்டிருந்தது. யாழ்ப்பாணத்தில் மழைக்கால அட்டை ஏது? மலைக்கு வந்த புதிதில், காலில் அட்டை ஏறியதைக் கண்டு மயங்கி விழுந்தாராம். பிறகு ஒன்றைப் போத்தலில் போட்டு, முதலில் அறையின் கோடியிலும் பிறகு மேசையிலும் பிறகு உள்ளங்கையின் கீழும் வைத்துப் பழகினாராம். பயந்த பிள்ளைகளிடம் இதைத்தான் முதலில் சொல்வார்.

"நான் இதுக்கு எவ்வளவு பயந்தனான் தெரியுமோ? லொறி!"

தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இது போதும். இவ்வளவு பெரிய ஐயா அட்டைக்குப் பயந்தாரா! பிரம்படிக்குப் பயந்த அந்தப் பையன் போத்தலைக் கையில் வாங்கி, "இதுக்குப் பேரு என்னங்கய்யா?" என்றான். பேர் இல்லை என்றார் டொக்டர். "அப்ப தொரைன்னு வைங்க. ரெண்டும் ரத்தம் குடிக்கும்" என்றான் அவன். பெரிய டொக்டர் மேசையில் தட்டித் தட்டிச் சிரித்தார். தோட்டத்தை ஆளும் துரையின் காதுக்குப் போய்விடுமோ என்று நான் ஓடிப்போய் ஜன்னலைச் சாத்தினேன். அட்டைக்கு அந்தப் பேரே நிலைத்துவிட்டது.

பாக்கியம் எங்களிடம் வந்தபோது அவளுக்குப் பன்னிரண்டு வயதிருக்கும். அவள் தாய் ராமாயி ஒரு விதவை, கொழுந்து எடுக்கிறவள். பாக்கியம் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருப்பாள். கொழுந்து நிறுக்கிற நேரம் நெருங்கினால் வியர்க்கும், மூச்சு வாங்கும், வாந்தி எடுப்பாள். பிறகு ஒரே ஓட்டம். மலையேறி, கொழுந்து நிறுக்கிற மடுவக் கொட்டகையில் தாயின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றால்தான் மூச்சு வரும். காலையும் மதியமும் நிறுக்கிறபோது சில நாட்களில் சமாளிப்பாள். பள்ளிக்கூடம் விட்ட பிறகு வரும் அந்தி நிறுவைக்கு எந்தக் கதவும் அவளைத் தடுக்காது. அவளை லயத்து வீட்டில் கொண்டுபோய்விட ராமாயி கொழுந்து நிரையை விட்டு இறங்கி இறங்கிப் போனாள். கணக்கப்பிள்ளை பொறுத்துப் பார்த்துவிட்டுக் கடைசியாகச் சொல்லிவிட்டார். இன்னொரு தரம் பிள்ளை மலைக்கு வந்தால் ராமாயிக்குப் பத்துச்சீட்டு. வேலையும் போகும், குடியிருக்கிற லயத்துக் காம்பராவும் போகும்.

"சாமி ஆடிப் பாத்துட்டோம், தண்ணி ஓதிக் குடுத்தும் பாத்துட்டோங்க. புத்தியில ஒண்ணும் கொறையில்ல, பாடமெல்லாம் நல்லாப் படிக்கிறா. இவ இப்படியே ஓடிக்கிட்டிருந்தா நாங்க எங்கங்கய்யா போறது?" என்றாள் ராமாயி.

பாக்கியம் போத்தல்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"பயம் எங்கை பிள்ளை?"

நெஞ்சைக் காட்டினாள்.

"இப்ப எவ்வளவு?"

"மடி."

"அந்தி நிறுவைக்கு?"

கதவைப் பார்த்தாள். பிறகு, "லொறியே பத்தாதுங்க" என்றாள்.

ஏன் என்று மட்டும் அவள் சொல்லவில்லை. பெரிய டொக்டரும் தோண்டவில்லை. பள்ளிக்கூடம் விட்டதும் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட வேண்டும் என்று ஏற்பாடு செய்தார். எங்கள் வராந்தாவிலிருந்து பார்த்தால் மலை தெரியும். முதல் நாட்களில் அங்கே மர வாங்கில் உட்கார்ந்து, தூரத்துப் புள்ளியாகத் தெரிகிற தாயைப் பார்த்துக்கொண்டே நிறுவை நேரத்தைக் கடத்தினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். "சாக்கு... சாக்குங்கய்யா... கூடை..." என்பாள். கூடை மடியாகும்போது எனக்கே வியர்த்திருக்கும்! அடுத்து மலைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். அடுத்து அறைக்குள். ஒரு நாள் அந்தி நிறுவை நேரத்தில் மருந்தறையில், ஜன்னலில்லாத மூலையில் நின்று போத்தல்களுக்குத் தக்கை அடைத்தாள். வெளியே கொழுந்து லொறி இறங்கிப் போகும் சத்தம் கேட்டது. நிறுவை முடிந்துவிட்டது. அவள் தலைநிமிர்ந்து, "போயிருச்சா?" என்றாள். நான் அவளைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினேன். பெரிய டொக்டர் வாசலில் நின்று கைதட்டினார். அந்த மாதிரி மகிழ்ச்சியை நான் எந்தக் காயத்தைக் கட்டியும் அடைந்ததில்லை.

அது பல நாட்கள் நிலைத்தது. கணக்கப்பிள்ளையே ராமாயியிடம், "என்னடி, ஒம் மவளக் காணோம்?" என்று கேட்டாராம்.

எங்கள் வராந்தாவில் ஒரு கரும்பலகை தொங்கும். பார்வையிலிருக்கும் நோயாளிகளின் பேர்கள் அதில் இருக்கும். குணமானவர் பேரின் குறுக்கே ஒரு கோடு இழுப்போம். ஒரு மாலை, நான் தலைகால் தெரியாத குஷியில் இருந்தேன். பெரிய டொக்டர் அறைக்குள் இருந்தார். சுண்ணக்கட்டியை எடுத்துப் பாக்கியத்தின் முன்னாலேயே அவள் பேரின் மேல் ஒரு கோடு இழுத்தேன்.

"பாக்கியம்! இங்க பாரு. ஒம் பேர வெட்டியாச்சு!"

அவள் முகம் வெளுத்துப்போனது. நான் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தேன். போத்தல் கையிலிருந்து விழுந்து உடைந்தது. ஓடினாள்.

நான் பின்னால் ஓடினேன். எட்டவில்லை. நான் மடுவத்தை அடைந்தபோது, பெண்கள் கூடைகளோடு வரிசையில் நிற்க, கணக்கப்பிள்ளை தராசின் பக்கத்தில் பேர்ப் பதிவேடான செக்ரோலைப் பிடித்துக்கொண்டு நின்றார். ராமாயிக்கு அன்று கொழுந்து குறைவு. அவர், "ராமாயி, ஒனக்கு அரைப்பேரு!" என்று சொல்லிவிட்டுப் பென்சிலைத் தூக்கினார். அரைப்பேர் என்றால் அரை நாள் சம்பளம். பாக்கியம் அந்தப் பென்சிலைப் பிடுங்கி ஒடித்து எறிந்தாள்.

"வெட்டாதீங்க! எங்கம்மா பேர வெட்டாதீங்க!"

"இது என்னடி கூத்து! ஒரு பொட்டப்புள்ள எங் கையில இருக்கிறதப் புடுங்குறா. எல்லாரும் பாத்துக்கிட்டு நிக்கிறீங்க!" என்றார் கணக்கப்பிள்ளை. பிறகு என்னைப் பார்த்து, "இதுதான் ஒங்க ஆஸ்பத்திரி வைத்தியமா சின்ன டொக்டரே?" என்றார்.

நான் பாக்கியத்தைத் தூக்கிக்கொண்டு வந்தேன். பெரிய டொக்டர் வாசலில் நின்றார்.

"என்ன நடந்தது?"

"தெரியல சேர். திடீர்னு ஓடிட்டா."

இதுதான் நான் சொன்னது. அவள் ஓடியது என் சொல்லால் என்று எனக்குத் தெரியும். ஏன் என்று விளங்காவிட்டாலும், கோடு இழுத்ததும் அவள் முகம் மாறியதைப் பார்த்தேன். பெரிய டொக்டரின் முன் மறுபடி அந்தக் கசப்பு மருந்துக்காரனாக நிற்க எனக்குத் துணிவில்லை. அவ்வளவுதான் காரணம். இதைவிடப் பெரிய காரணம் ஏதும் இருந்திருந்தால் இன்று கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

பெரிய டொக்டர் உடைந்துபோனார். "நான் அவசரப்பட்டிட்டன். ஒவ்வொரு அடியாப் போகேல்லை" என்று தன்னையே குறை சொன்னார். பிள்ளையைக் கொழும்புக்கு அனுப்பலாமா என்று யோசித்தார். துரைக்கு என்ன எழுதுவது என்று தெரியாமல் எழுதாமலே இருந்தார். காரணம் தெரியாத வைத்தியர் எதை எழுதுவார்? நானோ தினமும் போத்தல்களை நிரப்பிக்கொண்டிருந்தேன். அந்த இடைவெளியில் கணக்கப்பிள்ளை துரையிடம் போனார். ராமாயிக்கு ஒரு மாத நோட்டீஸ் வந்தது.

செய்தி கேட்ட அன்று பெரிய டொக்டரின் அறைக்குப் போய் நின்றேன்.

"சேர், நான் ஒரு வார்த்தை சொன்னேன். அதுக்கப்புறந்தான் ஓடினா."

"என்ன வார்த்தை?"

"ஒம் பேர வெட்டியாச்சுன்னு... பலகையில... விளையாட்டா."

அவர் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தார். "உதை அண்டைக்கே சொல்லியிருந்தால் துரைக்கு நான் எழுதியிருப்பன். பிழை ஆஸ்பத்திரியிலை எண்டு எழுதியிருப்பன். நோட்டீஸ் வந்திருக்காது." குரல் உயரவில்லை. எனக்கு அதுவே தாங்கவில்லை.

பிறகு சட்டென்று எழுந்தார். "பொறும். என்ன சொன்னனீர்? பேர் வெட்டுறது எண்டால் இஞ்சை என்ன?"

"சாதாரண சொல்லு சேர். காலையில பேர் கூப்பிடுற பெரட்டுக்குப் பிந்தி வந்தா அன்னிக்குப் பேர் வெட்டுவாங்க. வேலை கெடையாது. வேலையவிட்டு நின்னாலும் செத்தாலும் செக்ரோல்ல பேர் வெட்டுவாங்க."

"செத்தாலும்?"

"ஆமா சேர்."

"ரெண்டுக்கும் ஒரே சொல்லோ?"

கணக்கப்பிள்ளை வீட்டில் பிறந்தவன் நான். சோற்றோடு சேர்த்து அந்தச் சொல்லைத் தின்று வளர்ந்தவன். அதற்குள் இரண்டு பொருள் இருப்பது என் காதில் ஒருநாளும் விழுந்ததில்லை. பெரிய டொக்டர் தொப்பியைக்கூட எடுக்காமல் மழையில் இறங்கிவிட்டார். "வாரும்! கெதியா வாரும்!"

ராமாயியின் காம்பரா வாசலில் அவர் குந்தினார். பாக்கியம் கதவுக்குப் பின்னால் நின்றாள்.

"பிள்ளை, பேர் வெட்டினால் என்ன நடக்கும்?"

மழைச் சத்தத்தோடு கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"எங்கப்பா பெரட்டுக்குப் பிந்திப் போச்சு. பேர வெட்டிட்டாங்க. வெறகுக்குக் காட்டுக்குப் போச்சு. பாறையில வழுக்கிச் செத்துப் போச்சு. சாயந்தரம் கணக்கப்பிள்ளை ஐயா வந்து, வேலு பேர வெட்டியாச்சுன்னாரு."

"அதாலை?"

"அந்தியிலதான பேரு போடுவாங்க. நாம் போய் நின்னா வெட்ட மாட்டாங்கன்னு..." விக்கினாள். "அரைப்பேரு விழுந்தா அம்மா பாதி செத்துருமாங்கய்யா?"

ராமாயி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "அடி என் ராசாத்தி! இத இத்தன வருசமா மனசுலயே வச்சிருந்தியா? அரைப்பேருன்னா அரைச் சம்பளம்டி. நானு எத்தன தரம் வாங்கியிருக்கேன்! முழுசாத்தான இருக்கேன்?"

சொல்லிப் புரியவைத்தால் போதும் என்று நான் நினைத்தேன். பெரிய டொக்டர் தலையை ஆட்டினார். "புத்திக்கு விளங்கிப்போச்சு. நெஞ்சுக்கு இன்னும் விளங்கேல்லை. நாளைக்குப் பலகையைக் கழற்றி வையும்."

மறுநாளை நினைத்தால் இப்போதும் எழுந்து நடக்கத் தோன்றுகிறது! பலகையைத் தரையில் சாய்த்து வைத்தோம். பெரிய டொக்டர் முக்காலியில். ராமாயி வாசலில். பாக்கியத்தின் கையில் சுண்ணக்கட்டி.

"ஆரின்ரை பேரை முதல் வெட்டலாம்? நீயே சொல்லு."

அவள் அறையைச் சுற்றிப் பார்த்தாள். கண் மேசையில் நின்றது. "தொரை."

பலகையில் "தொரை" என்று எழுதினாள். கோடு இழுக்காமல் சுண்ணக்கட்டியைப் பலகையிலேயே அழுத்திப் பிடித்தாள்.

"எவ்வளவு?"

"சாக்கு."

"நிண்டு பார். அவசரமில்லை."

சாக்கு கூடையானதும் வெட்டினாள். ஓடிப்போய்ப் போத்தலைத் தூக்கிப் பார்த்தாள். அட்டை ஒரு நீட்டு நீட்டி, மேலே ஏறியது.

"தொரை சாகலங்கய்யா!"

"சாகாது! உந்தத் துரையை ஒண்டும் செய்யேலாது!"

ராமாயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அடுத்து என் பேர். வெட்டிவிட்டு என் கையைக் கிள்ளிப் பார்த்தாள். நான் அலறினேன், அவள் சிரித்தாள். அடுத்து பெரிய டொக்டர் பேர். அவர் வெட்டப்பட்டுக்கொண்டே தேத்தண்ணீர் குடித்தார். அவள் தன் பேரை வெட்டிவிட்டுக் கண்ணை மூடி, மூச்சை இழுத்து விட்டுப் பார்த்தாள். கடைசியாகத் தாயின் பேர். அதை எழுதவே முடியவில்லை. லொறி. அன்று எழுத மட்டும் செய்தாள். அடுத்தடுத்த நாட்களில் எழுதி வெட்டினாள், அழித்து மறுபடி எழுதி வெட்டினாள். பலகை வெள்ளையாகிவிட்டது. ஒரு நாள் சலித்துப்போய், "போதுங்கய்யா, கை வலிக்குது" என்றாள். பெரிய டொக்டர் என் முதுகில் அறைந்தார். சலிப்பு வந்தால் பயம் இறங்கிவிட்டது என்று அர்த்தம்!

அதற்குள் அவர் நோட்டீஸைத் திரும்பப் பெறக் கேட்டுத் துரையின் பங்களாவுக்கும் போய் வந்தார். துரை மரியாதையாகக் கேட்டாராம். கையெழுத்துப் போட்டாகிவிட்டது, இப்போது மாற்றினால் தன் ஆட்கள் தன்னை மதிக்க மாட்டார்கள் என்றாராம். "ஒரு கிழமை முந்தி வந்திருந்தால் கதை வேறை எண்டார்" என்று என்னிடம் சொன்னார் பெரிய டொக்டர். வேறொன்றும் சொல்லவில்லை. கொஞ்சம் கழித்து, "அந்தத் தாயிட்டை நீர்தான் சொல்ல வேணும்" என்றார். சொல்கிறேன் என்றேன். சொல்லவில்லை. ஒவ்வொரு நாளும் நாளைக்கு என்று தள்ளினேன்.

கடைசி நாள் பெரட்டுக் களத்தில் பனி இறங்கியிருந்தது. பத்துச்சீட்டு வாங்க ராமாயி போனாள். பாக்கியம் கூடவே போனாள். நான் ஓரமாக நின்றேன். கணக்கப்பிள்ளை செக்ரோலை விரித்து, எல்லோருக்கும் கேட்க, "ராமாயி, பேரு வெட்டியாச்சு" என்றார்.

பாக்கியத்தின் தோள்கள் மேலேறுவதைப் பார்த்தேன். மூச்சு வாங்கியது. தாயின் சேலையைப் பற்றிய கை இறுகியது. நான் ஓடிப்போக ஓர் அடி வைத்துவிட்டு நின்றேன். அவள் என்னைப் பார்த்தாள். நான் தூரத்திலிருந்தே, எவ்வளவு என்று கையால் கேட்டேன். அவள் இரண்டு கைகளையும் வட்டமாக்கிக் காட்டினாள். கூடை. கணக்கப்பிள்ளை அடுத்தடுத்த பேர்களைக் கூப்பிட்டுக்கொண்டே போனார். அவள் ஓடவில்லை. தாயின் முகத்தை அண்ணாந்து பார்த்தாள், கையைத் தொட்டாள், மறுபடி பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பிப் பாவாடையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினாள். மடி. எனக்குக் கூவ வேண்டும் போலிருந்தது. அதே கணத்தில், அந்தப் பேர் வெட்டப்பட்டது என்னால் என்பதும் நெஞ்சில் ஏறியது.

நோட்டன் பிரிட்ஜ் பக்கம் ராமாயியின் அண்ணன் வேலை செய்த தோட்டத்துக்குப் போகிறார்கள். பஸ் நிற்கும் இடம் வரை மூட்டையைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். பாக்கியம் முன்னால் போனாள். அப்போதுதான் சொன்னேன். பலகையில் கோடு இழுத்தது, விளையாட்டாகச் சொன்ன வார்த்தை, பெரிய டொக்டரிடம் மறைத்தது, மறைக்காதிருந்தால் நோட்டீஸ் வந்திருக்காது என்பது, எல்லாவற்றையும்.

ராமாயி நடந்துகொண்டே கேட்டாள். வெகுதூரம் போன பிறகு நின்றாள்.

"அந்த வார்த்தைய விடுங்க. அது வெளையாட்டு. அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருக்கலாம்."

"எம் மவ பயந்தா, ஓடுனா. நீங்க பயந்தீங்க, பேசாம இருந்தீங்க. அவளுக்கு வைத்தியம் பாத்தீங்க. ஒங்களுக்கு யாரு பாத்தா?"

குத்திக் கேட்டாளா, இரக்கப்பட்டுக் கேட்டாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. மூட்டையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். சுமதி, உங்கள் ஆட்கள் இதைப் படித்தால் அட்டைப் போத்தலையும் கூடைக் கணக்கையும் எடுத்துக்கொள்ளட்டும். பிள்ளையிடம் தவறாக ஒரு சொல் சொல்லிவிட்டால் அன்றைக்கே மேலே உள்ளவரிடம் சொல்லிவிடட்டும். நான் இழந்தது ஒன்றுமில்லை. என் உத்தியோகம் நிலைத்தது, பென்ஷனும் வாங்குகிறேன். இழந்தவர்கள் அவர்கள்.

பஸ் வந்தபோது ஒரே கூட்டம். சந்தைக்குப் போகிறவர்கள் முண்டியடித்தார்கள். ராமாயி மூட்டையோடு ஒதுங்கி நின்றாள். பாக்கியம் தாயின் பக்கம் பார்க்கவில்லை. சனத்தின் கால்களுக்கிடையே புகுந்து, படியில் தாவி, தனியாக உள்ளே மறைந்துபோனாள். வெளியில் தாய், உள்ளே மகள், நடுவில் அத்தனை பேர். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஜன்னல் வழியே ஒரு கை வெளியே வந்து ஆடியது.

"எம்மா! எடம் புடிச்சிட்டேன், ஏறு!"